இருக்கு, ஆனா எடுக்க முடியாது

ஜான் வீலர் என்ற அமெரிக்க இயற்பியலாளர் தன்னுடைய ‘குற்றம்’ ஒன்றைப் பற்றிச் சொல்வார். ஒரு கோப்பையில் சூடான டீ, இன்னொன்றில் ஆறிப்போன டீ. இரண்டையும் ஒட்டி வைத்தால் கொஞ்ச நேரத்தில் இரண்டும் ஒரே வெதுவெதுப்புக்கு வந்துவிடும். அதற்குப் பிறகு ஒன்று தானாகச் சூடாவதும் மற்றது தானாகச் சில்லிடுவதும் நடக்காது. உலகத்தின் என்ட்ரோபி ஒரு துளி கூடிவிட்டது. அந்தக் கணக்கு காலத்தின் கடைசி வரைக்கும் நிற்கும். ஆனால் சரியான நேரம் பார்த்து ஒரு கருந்துளை அந்தப் பக்கம் வந்தால்? இரண்டு கோப்பைகளையும் அதற்குள் போட்டுவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டு போய்விடலாம். தடயமே இல்லை என்றால் யார் கேட்பது?

1970களின் தொடக்கத்தில், பிரின்ஸ்டனில், தன் மாணவர் ஜேக்கப் பெக்கன்ஸ்டைனிடம் வீலர் இதைப் பாதி விளையாட்டாகச் சொன்னார். அன்றைய கோட்பாடு அவர் பக்கம்தான் இருந்தது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு ஒரு கருந்துளையைப் பற்றிச் சொல்ல மூன்றே எண்கள்தான் உண்டு: நிறை, மின்னூட்டம், சுழற்சி. உள்ளே விழுந்தது கலைக்களஞ்சியமா வெங்காய மூட்டையா என்பதெல்லாம் அதற்குக் கணக்கே இல்லை. எடை ஒன்றாக இருந்தால் போதும். ‘கருந்துளைக்கு முடி கிடையாது’ என்று வீலர் இதை ஒரு சொலவடையாகவே பரப்பியிருந்தார். எல்லாம் மொட்டைத் தலை, அடையாளம் சொல்ல முடியாது.

பெக்கன்ஸ்டைன் சில மாதங்கள் யோசித்துவிட்டுத் திரும்பி வந்தார். குற்றத்தை மறைக்க முடியாது என்றார். கோப்பைகள் விழுந்ததும் கருந்துளையின் நிகழ்வு எல்லை, அதாவது தாண்டினால் ஒளிகூடத் திரும்ப முடியாத அந்த விளிம்பு, கொஞ்சம் பெருக்கிறது. அந்தப் பரப்பளவுதான் கருந்துளையின் என்ட்ரோபி. கணக்கு அழியவில்லை. வேறொரு ஏட்டுக்கு மாறியிருக்கிறது, அவ்வளவுதான்.

இந்தக் கதை எனக்குப் பிடித்துப்போனதற்குக் காரணம் அதிலுள்ள சொற்கள். குற்றம், தடயம், மறைத்தல். கருந்துளைக்குள் விழுந்த தகவல் திரும்புமா என்ற கேள்வியை நம்மில் பலர் யூடியூபில் விண்வெளி வீடியோக்களாகத்தான் பார்த்திருப்போம். ஆனால் அது தொடங்கிய இடத்திலேயே அறம் சார்ந்த ஒரு பழைய சந்தேகம் ஒட்டிக்கொண்டிருக்கிறது: நடந்த ஒன்றை நடக்காதது போல ஆக்கிவிட முடியுமா?

*

1974இல் ஸ்டீஃபன் ஹாக்கிங் எல்லாவற்றையும் கலைத்துப் போட்டார். குவாண்டம் விதிகளையும் சேர்த்துக்கொண்டு கணக்குப் போட்டால் கருந்துளை முழுக்கக் கருப்பில்லை. அதற்கு ஒரு வெப்பநிலை உண்டு, அது கதிர்வீசுகிறது. மிக மெதுவாக எடை இழந்து, கடைசியில் ஆவியாகிவிடும். சூரியன் அளவு நிறையுள்ள கருந்துளை ஒன்று இப்படித் தீர்ந்துபோக 1-க்குப் பின்னால் 67 பூஜ்யங்கள் போட்டால் வருகிற அத்தனை ஆண்டுகள் ஆகும். பிரபஞ்சத்தின் இப்போதைய வயது வெறும் 1,380 கோடி ஆண்டுகள்தான்.

சரி, ஆவியாகட்டும், அதனால் என்ன? சிக்கல் அந்தக் கதிர்வீச்சில் இருந்தது. ஹாக்கிங்கின் கணக்குப்படி அது வெறும் வெப்பம். கருந்துளையின் அந்த மூன்று எண்களை மட்டும் பொறுத்தது. கலைக்களஞ்சியம் விழுந்திருந்தாலும் அதே வெப்பம்தான், வெங்காயம் விழுந்திருந்தாலும் அதே வெப்பம்தான். கருந்துளை இருந்தவரைக்கும் ‘எல்லாம் உள்ளே பத்திரமாக இருக்கிறது’ என்று சொல்லிக்கொள்ளலாம். கடைசியில் கருந்துளையும் போன பிறகு? 1976இல் ஹாக்கிங் வெளிப்படையாகவே எழுதினார்: தகவல் அழிகிறது. எங்கேயும் ஒளிந்திருக்கவில்லை.

இது இயற்பியலாளர்களை ஏன் அவ்வளவு கலங்கடித்தது என்று புரிய வாசலில் போட்ட கோலத்தை நினைத்துக்கொள்ளுங்கள். சாயங்காலம் துடைப்பத்தால் பெருக்கியாயிற்று. நமக்குக் கோலம் போய்விட்டது. இயற்பியலுக்குப் போகவில்லை. மாவுத் துகள் ஒவ்வொன்றும் எங்கே சிதறியது, துடைப்பக் குச்சிகள் எப்படி அசைந்தன, காற்று எப்படி நகர்ந்தது என்று அத்தனையும் தெரிந்தால், படத்தைப் பின்னோக்கி ஓட்டிக் கோலத்தைத் திரும்பக் கண்டுபிடித்துவிடலாம். நடைமுறையில் யாராலும் முடியாது. ஆனால் விதி இடம் கொடுக்கிறது. குவாண்டம் இயற்பியலும் இதையே சொல்கிறது. அளவீடு என்ற தனிச் சிக்கலை இங்கே தள்ளி வைத்துவிடுவோம். இரண்டு வெவ்வேறு நேற்றுகள் ஒரே இன்றில் வந்து முடிவதில்லை. விடை 7 என்று மட்டும் சொன்னால் நான் கூட்டியது 3-உம் 4-உமா, 5-உம் 2-உமா என்று உங்களுக்குத் தெரியாது. கூட்டல் மறந்துவிடுகிறது. இயற்கை அந்த மாதிரி மறக்கிற கணக்கைப் போடுவதே இல்லை என்று எல்லாரும் நம்பிக்கொண்டிருந்தார்கள். கருந்துளை போடுகிறது என்றார் ஹாக்கிங்.

இங்கே ‘தகவல்’ என்ற சொல்லைக் கொஞ்சம் நிறுத்திப் பார்க்க வேண்டும். இயற்பியலில் அதற்கு அர்த்தம், செய்தி, அறிவு என்றெல்லாம் பொருள் கிடையாது. அது ஒரு வித்தியாசம். ஒரு பொருளைக் காட்டி, ‘வேறு மாதிரி நடந்திருந்தால், இதுவும் வேறு மாதிரி இருந்திருக்குமா?’ என்று கேட்க வேண்டும். ‘ஆமாம்’ என்றால் நடந்ததைப் பற்றிய தகவல் அதில் இருக்கிறது. ‘என்ன நடந்திருந்தாலும் இது இப்படியேதான் இருந்திருக்கும்’ என்றால் இல்லை. ஹாக்கிங்கின் வெப்பம் இந்தக் கேள்வியில் தோற்றுப்போனது. இந்தக் கேள்வியைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். கருந்துளையைத் தாண்டியும் இது பயன்படும்.

*

1997இல் ஒரு பந்தயம். ஹாக்கிங்கும் கிப் தோர்னும் ஒரு பக்கம்: தகவல் அழிகிறது. ஜான் பிரெஸ்கில் எதிர்ப்பக்கம்: அழியாது, திரும்ப வரும். தோற்றவர் ஜெயித்தவருக்கு அவர் கேட்கும் கலைக்களஞ்சியத்தை வாங்கித் தர வேண்டும். ஏன் கலைக்களஞ்சியம்? அதிலிருந்து எப்போது வேண்டுமானாலும் தகவலைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாமே, அதனால்.

2004 ஜூலையில், டப்ளினில் நடந்த மாநாட்டில் ஹாக்கிங் தோல்வியை ஒப்புக்கொண்டார். பிரெஸ்கில் விரும்பியபடி பேஸ்பால் கலைக்களஞ்சியம் ஒன்று மேடைக்கு வந்தது. தோர்ன் அன்றைக்கு ஒப்புக்கொள்ளவில்லை. பிரெஸ்கிலும் தான் ஜெயித்ததாகச் சொல்லப்பட்ட அந்த வாதம் தனக்கு முழுதாகப் புரியவில்லை என்றார். அன்று ஹாக்கிங் சொன்ன ஒப்புமைதான் எனக்கு முக்கியம். கருந்துளையிலிருந்து தகவல் திரும்ப வரும், ஆனால் பயன்படுகிற வடிவத்தில் வராது. ஒரு கலைக்களஞ்சியத்தை எரித்துவிட்டுச் சாம்பலையும் புகையையும் ஒன்று விடாமல் பிடித்து வைத்துக்கொள்வது மாதிரி. எதுவும் தொலையவில்லை. படிப்பதுதான் கஷ்டம். பிரெஸ்கிலுக்கு நான் சாம்பலைத்தான் கொடுத்திருக்க வேண்டும் என்றும் பின்னாளில் கேலி செய்தார்.

ஹாக்கிங் கொடுத்த காரணம் பலருக்குத் திருப்தி தரவில்லை. ஆனால் அவர் நகர்ந்த திசை நிலைத்துவிட்டது. டான் பேஜ் 1993இலேயே ஒரு வரைபடம் போட்டிருந்தார்: தகவல் உண்மையிலேயே வெளியே வருவதாக இருந்தால் எப்படி வர வேண்டும் என்று. முதல் பாதிக் கதிர்வீச்சில் கிட்டத்தட்ட ஒன்றுமே தெரியாது, வெறும் இரைச்சல். பாதியைத் தாண்டிய பிறகு, பின்னால் வருகிற துகள்களுக்கும் முன்னால் போன துகள்களுக்கும் இடையிலான பிணைப்பில் தகவல் மெல்ல மெல்லத் தெரியத் தொடங்கும். எந்தத் துகளைத் தனியாக எடுத்துப் பார்த்தாலும் வெப்பம்தான். எல்லாவற்றையும் சேர்த்து வைத்துப் பார்த்தால்தான் எழுத்து. 2019இல் ஜெஃப் பெனிங்டனும், அவரிடமிருந்து தனியாக அகமது அல்மெய்ரி, நெட்டா எங்கல்ஹார்ட், டொனால்ட் மரோல்ஃப், ஹென்றி மேக்ஸ்ஃபீல்ட் ஆகியோரும் ஈர்ப்புக் கோட்பாட்டுக்குள் நின்றே கணக்குப் போட்டு அந்த வரைபடத்தை வரவழைத்துக் காட்டினார்கள். எளிமையாக்கப்பட்ட மாதிரிகளில்தான். எல்லாரும் ஒப்புக்கொண்டுவிட்டார்கள் என்றும் சொல்ல முடியாது. ஆனால் இன்று இத்துறையில் பெரும்பாலானவர்களைக் கேட்டால் தகவல் வெளியே வருகிறது என்றுதான் சொல்வார்கள்.

அப்போ கதை சுபமா? முழுசாக இல்லை. 2013இல் டேனியல் ஹார்லோவும் பேட்ரிக் ஹெய்டனும் ஒரு கேள்வி கேட்டார்கள்: சரி, தகவல் கதிர்வீச்சில் இருக்கிறது, அதை அவிழ்த்துப் படிக்க எவ்வளவு நேரம் ஆகும்? கணினியியலாளர்கள் பெரும்பாலும் நம்புகிற ஓர் அனுமானத்தின்படி, குவாண்டம் கணினியை வைத்துப் படித்தாலும், கருந்துளை ஆவியாகி முடிவதற்குள் படித்து முடிக்க முடியாது. சூரியன் அளவுக் கருந்துளைக்கு அந்தக் கால அளவை எண்ணாக எழுதினால், அதில் எத்தனை பூஜ்யங்கள் என்று சொல்லவே 70-க்கும் மேற்பட்ட பூஜ்யங்கள் கொண்ட இன்னொரு எண் வேண்டும். சங்கேதக் குறியீட்டின் சாவியைத் தொலைத்துவிட்டு, ஒவ்வொரு சாவியாகப் போட்டுப் பார்க்கிற மாதிரியான வேலை அது.

*

இந்தச் சாவி விஷயத்தை நான் ஒரு பேப்பரில் படித்துத் தெரிந்துகொள்வதற்கு முன்பே ஒரு சர்வீஸ் கடையில் கேட்டிருக்கிறேன்.

என் தோழி ஒருத்தியின் அப்பா இறந்துபோனார். தென்காசிப் பக்கம். மகள் சென்னையில் வேலைக்கு வந்த பிறகு அவர் ஃபோன் செய்வதைவிட வாய்ஸ் நோட் அனுப்புவதுதான் அதிகம். ‘இங்க சாரல் ஆரம்பிச்சிருச்சு பாப்பா’ என்கிற மாதிரி, பதில் எதிர்பார்க்காத சின்னச் சின்னச் செய்திகள். அவள் மொபைல் மாற்றியபோது அவளிடம் இருந்தவை போய்விட்டன. அப்பாவின் மொபைலில் எல்லாம் இருக்கும், ஆனால் பாஸ்கோடு யாருக்கும் தெரியாது. பிறந்த நாள், கல்யாண நாள், வண்டி நம்பர் என்று வீட்டில் ஆளாளுக்குப் போட்டுப் பார்த்ததில் மொபைல் தன்னைத்தானே பூட்டிக்கொண்டது.

கடைக்காரர் பொறுமையான ஆள். “சிப்புல டேட்டா அப்படியேதான் இருக்குங்க மேடம். ஆனா தப்புத் தப்பா நிறைய தடவை போட்டதால உள்ள இருந்த சாவி அழிஞ்சிருச்சு. இனிமே அது வெறும் குப்பை மாதிரிதான் தெரியும்.”

“இருக்குன்னு சொல்றீங்க.”

“இருக்கு. ஆனா எடுக்க முடியாது.”

கடையை விட்டு வெளியே வந்து வண்டியை எடுக்காமல் நின்றுகொண்டு அவள் என்னைக் கேட்டாள். “அப்படின்னா இருக்கா, இல்லையா?”

நான் அப்போது ஒன்றும் சொல்லவில்லை. இந்தக் கட்டுரை அந்தக் கேள்விக்கான பதில் என்று சொல்ல மாட்டேன். ஆனால் எந்தப் பதில்கள் சரியில்லை என்று சொல்ல முடியும் என்று நினைக்கிறேன்.

*

முதல் பதில் ஆறுதல் வகையைச் சேர்ந்தது. யாராவது இறந்துபோனால் நட்சத்திரக் கூட்டத்தின் படம் ஒன்றைப் பின்னணியில் போட்டுச் சில வரிகள் பகிரப்படும். ஆற்றல் அழிவதில்லை, தகவல் அழிவதில்லை, உங்கள் அன்புக்குரியவர் இந்தப் பிரபஞ்சத்தில்தான் இருக்கிறார். அறிவியல் சொல்கிறது. உடனே நூறு இதயங்கள்.

இதில் பொய் என்று தனியாக எடுத்துக்காட்ட ஒன்றும் இல்லை. அதனால்தான் இது சிக்கல். தகவல் அழியாது என்ற விதி எதையும் தேர்ந்தெடுப்பதில்லை. அப்பாவின் குரல் கிளப்பிய காற்றசைவும், அதே நேரத்தில் பக்கத்தில் பறந்த கொசுவின் ரீங்காரமும் அதற்கு ஒரே மதிப்புள்ளவை. ஒருவர் உயிரோடு இருந்த வெள்ளிக்கிழமைக்கும் இறந்துபோன சனிக்கிழமைக்கும் நடுவில் இந்த விதியின் பார்வையில் எதுவுமே குறையவில்லை. இழப்பு என்று ஒன்று நடந்ததையே பார்க்க முடியாத ஒரு விதி, இழப்புக்கு ஆறுதல் சொல்லத் தகுதியானதா? எல்லாவற்றையும் ஒரே மாதிரி வைத்திருப்பதற்கு ஞாபகம் என்று பெயரில்லை. நினைவுகூர்வது என்றால் கொசுவை விட்டுவிட்டுக் குரலை எடுப்பது. அந்த வேலையை இயற்கை செய்து தராது.

அந்த இரங்கல் பதிவுகளுக்கும் நம் கேள்வியைப் போட்டுப் பார்க்கலாம். ‘ஆழ்ந்த இரங்கல். நல்ல மனிதர். ஈடுசெய்ய முடியாத இழப்பு.’ இறந்தவர் வேறொருவராக இருந்திருந்தால் இந்த வரிகள் மாறியிருக்குமா? மாறியிருக்காது. ஹாக்கிங் 1976இல் விவரித்த கதிர்வீச்சு இதுதான்: வெப்பம் உண்டு, தகவல் இல்லை. துக்க வீட்டில் வெப்பமும் தேவைதான், அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் ஒருவர் வந்து உட்கார்ந்து, ‘உங்கப்பா எங்க கடைக்கு வந்தா மீதிச் சில்லறைய எண்ணிப் பாக்காம பையில போட்டதே இல்ல’ என்று சொல்லும்போது அந்த வீட்டில் வேறொன்று நடக்கிறது. அந்த வாக்கியம் வேறு யாருக்கும் பொருந்தாது.

*

இரண்டாவது பதில் கறாரானது. எடுக்க முடியாது என்றால் இல்லை என்றுதான் அர்த்தம், சும்மா மனதைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதே. நடைமுறை ஆட்களின் பதில். முதல் பதிலைவிட நேர்மையானதாகத் தெரியும். ஆனால் இதைக் கொஞ்சம் நீட்டிப் பார்த்தால் ஆபத்தான இடத்துக்குப் போய்ச் சேரும்.

ஜார்ஜ் ஆர்வெல்லின் ‘1984’ நாவலில் அலுவலகச் சுவர்களில் காகிதங்களைப் போட ஓட்டைகள் இருக்கும். உள்ளே போனது உலையில் எரிந்துபோகும். அதற்கு நாவலில் பெயர் ‘நினைவுத் துளை’. அந்த அரசின் தத்துவம் ரொம்ப எளிமையானது: கடந்தகாலம் ஆவணங்களிலும் மனித நினைவுகளிலும் மட்டும்தான் இருக்கிறது, இரண்டும் நம் கையில், ஆகவே கடந்தகாலம் நம் கையில். எடுக்க முடியாதது இல்லாதது என்று ஒப்புக்கொண்டுவிட்டால் இந்த வாதத்துக்கு நம்மிடம் பதில் கிடையாது.

இது நாவலோடு நிற்கவில்லை. 1989 இலையுதிர்காலத்தில் கிழக்கு ஜெர்மனியின் உளவுத்துறையான ஸ்டாசி தன் கோப்புகளை அவசர அவசரமாக அழிக்கத் தொடங்கியது. காகிதம் அரைக்கும் இயந்திரங்கள் தாங்காமல் பழுதாக, அதிகாரிகள் கையால் கிழித்து மூட்டை கட்டினார்கள். டிசம்பர் முதல் மக்கள் அந்த அலுவலகங்களுக்குள் புகுந்தார்கள். 1990 ஜனவரி 15இல் பெர்லின் தலைமையகமும் அவர்கள் கைக்கு வந்தது. கிழிந்த காகிதங்கள் சுமார் 16,000 மூட்டைகள் மிஞ்சின. 1995இலிருந்து ஊழியர்கள் மேசையில் பரப்பி வைத்து, ஓரத்தோடு ஓரம் பொருத்தி ஒட்டிக்கொண்டே வந்தார்கள். லட்சக்கணக்கான பக்கங்கள் திரும்பவும் படிக்கத் தக்கவையாகின. தன்னை வேவு பார்த்தது யார் என்று பலர் அப்படித்தான் தெரிந்துகொண்டார்கள்.

இயற்பியலின் பார்வையில் கையால் கிழித்ததற்கும், இயந்திரம் கூழாக்கியதற்கும், எரித்ததற்கும் வித்தியாசம் இல்லை. எதிலும் தகவல் அழியவில்லை. மனிதர்களுக்கு அந்த வித்தியாசம்தான் எல்லாமே. ஆனால் இன்னொன்றையும் கவனியுங்கள். எரிந்துபோன கோப்பில் யாருடைய பெயர் இருந்ததோ, அவரை வேவு பார்த்தது நடக்காமல் போய்விடவில்லை. நிரூபிக்க முடியாமல் போயிருக்கிறது. இரண்டும் ஒன்று என்று சொல்கிறவர் அந்த அதிகாரிகளுக்கு அவர்கள் கேட்டதையே கொடுக்கிறார்.

தத்துவத்தில் இதற்கு எதிர்க்கேள்வி ஒன்று உண்டு. மைக்கேல் டம்மெட் என்ற ஆங்கிலேயத் தத்துவவாதி 1960களின் கடைசியில் இதனோடு மல்லுக்கட்டினார். இனி எந்தச் சாட்சியமும் கிடைக்க வழியே இல்லாத ஒரு பழைய சம்பவம் ‘உண்மை’ என்று சொல்வதற்கு என்ன பொருள்? எதை வைத்து அது உண்மையாகிறது? நல்ல கேள்வி. இதற்கு எதிராக அவரே எடுத்து வைத்து ஆராய்ந்த வாதத்தைத்தான் நான் பிடித்துக்கொள்கிறேன். ‘இப்போது மழை பெய்கிறது’ என்று இன்று சொன்னது சரி என்றால், ‘நேற்று மழை பெய்தது’ என்று நாளைக்குச் சொல்வதும் சரியாகத்தான் இருக்க வேண்டும். நடுவில் தரை காய்ந்தால் என்ன, பார்த்தவர் மறந்தால் என்ன? டம்மெட்டுக்கு இது முழு நிம்மதி தரவில்லை. எனக்கு இது போதும் என்று தோன்றுகிறது. இல்லையென்றால் நாம் இன்று சொல்கிற எந்த உண்மைக்கும் ‘தடயம் இருக்கும்வரை மட்டும்’ என்று ஒரு காலாவதித் தேதி போட வேண்டியிருக்கும்.

ஆக மூன்று விஷயங்கள் இருக்கின்றன, நாம் அவற்றை ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம். நடந்தது. நடந்ததன் தடயம். தடயத்தைப் படிப்பது. ஹாக்கிங்கும் பிரெஸ்கிலும் போட்ட பந்தயம் இரண்டாவதைப் பற்றியது மட்டும்தான். அதில் ஹாக்கிங் ஜெயித்திருந்தாலும் முதலாவது அசைந்திருக்காது. அதில் அவர் தோற்றதால் மூன்றாவது நமக்குக் கிடைத்துவிடவும் இல்லை. அந்தச் சிப்பில் இரண்டாவது இருக்கிறது, மூன்றாவது இல்லை. முதலாவதுக்கு அந்தச் சிப்பின் தயவு தேவையே இல்லை.

*

இதோடு முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன். சில வாரங்கள் கழித்து அவளுடைய அத்தை பையன் ஒரு யோசனை சொன்னான். கல்யாண வீடியோவில், காதுகுத்து வீடியோவில் எல்லாம் மாமா குரல் இருக்கிறதே, அதை வைத்து ஏஐ மூலம் அவர் பேசுகிற மாதிரியே செய்துவிடலாம். செய்தும் கொடுத்தான். ‘பாப்பா, சாப்டியா? வேலை வேலைன்னு கெடக்காத’ என்று சில விநாடிகள். அதே இழுப்பு, அதே மூச்சு. அவள் அழுதாள். திரும்பத் திரும்பக் கேட்டாள். பிறகு அந்தச் செயலியைத் தன் மொபைலிலேயே போட்டுக்கொண்டு என்னவெல்லாமோ அடித்துப் பார்த்திருக்கிறாள்.

“நான் என்ன டைப் பண்றேனோ அதத்தான் சொல்லுது” என்றாள் என்னிடம். குரலில் கோபம்கூட இல்லை.

ஹாக்கிங்கின் பிரச்சினையை இதைவிடச் சுருக்கமாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. அப்பா அந்த ஜூன் மாதம் என்ன சொல்லியிருந்தாலும் இந்தக் குரல் இதையேதான் சொல்லும். அசலைப் போலவே இருப்பது மீட்பு ஆகாது. நடந்தது இதைப் பிடித்து வைத்திருக்கிறதா, வேறு மாதிரி நடந்திருந்தால் இது மாறியிருக்குமா என்பதுதான் மீட்புக்கும் புனைவுக்கும் நடுவில் உள்ள கோடு. தற்செயலாக அந்தச் செயலி அவர் உண்மையிலேயே அனுப்பிய ஒரு வாக்கியத்தை எழுத்துப் பிசகாமல் சொல்லிவிட்டாலும் அது மீட்பு இல்லை.

இயந்திரத்தைத் தொட்டாலே புனைவுதான் என்று சொல்ல வரவில்லை. கி.பி. 79இல் வெசூவியஸ் எரிமலை வெடித்தபோது இத்தாலியின் ஹெர்குலேனியத்தில் ஒரு மாளிகை நூலகம் புதைந்தது. 1750களில் தோண்டியெடுத்தபோது பாப்பிரஸ் சுருள்கள் கரிக்கட்டைகளாக இருந்தன. பிரித்துப் பார்க்கப் போனவர்கள் பலவற்றைத் தூளாக்கினார்கள். மிஞ்சியவற்றைப் பிரிக்காமலே எக்ஸ்ரே ஸ்கேன் மூலம் படிக்க பிரெண்ட் சீல்ஸ் என்ற கணினியியலாளர் பல ஆண்டுகள் முயன்றார். 2023இல் அறிவிக்கப்பட்ட ‘வெசூவியஸ் சேலஞ்ச்’ போட்டியில் லூக் ஃபாரிட்டர் என்ற 21 வயது மாணவர் மூடிய சுருள் ஒன்றிலிருந்து முதல் முழுச் சொல்லைக் கண்டுபிடித்தார். கருஞ்சிவப்பு நிறத்தைக் குறிக்கிற ஒரு கிரேக்கச் சொல். 2024 பிப்ரவரிக்குள் ஃபாரிட்டரும் யூசுஃப் நாதரும் ஜூலியன் ஷில்லிகரும் சேர்ந்து 2,000-க்கும் மேற்பட்ட எழுத்துகளைப் படிக்க வைத்தார்கள்.

அதிலும் ஏஐ இருந்தது. ஆனால் அவர்கள் எதற்குப் பயந்தார்கள் என்று பாருங்கள். நிரலுக்கு கிரேக்க எழுத்துகளின் வடிவம் தெரிந்துவிட்டால் இல்லாத இடத்திலும் எழுத்தைக் கற்பனை செய்துவிடும். அதனால் அது ஒரே நேரத்தில் பார்க்கிற பரப்பை மிகச் சிறியதாக வைத்தார்கள். இங்கே மை இருக்கிறதா இல்லையா என்பது மட்டும்தான் அதன் வேலை. எழுத்தைப் படித்தவர்கள் பழஞ்சுவடி அறிஞர்கள். அவர்களும் ஒருவருக்கொருவர் கேட்டுக்கொள்ளாமல் தனித்தனியாகப் படித்து, பிறகு ஒப்பிட்டார்கள். அங்கே வேறு எழுத்து இருந்திருந்தால் வேறு விடை வந்திருக்க வேண்டும். அந்த ஒன்றுக்காகத்தான் அத்தனை கட்டுப்பாடும்.

படிக்க முடியாத இடத்தை என்ன செய்வது என்பதற்கும் அவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. சந்தேகமான எழுத்துக்குக் கீழே ஒரு புள்ளி. முற்றிலும் போன இடத்துக்குச் சதுர அடைப்பு. நம்மிடமும் இது புதிதில்லை. புறநானூற்றில் 267, 268 என்ற இரண்டு பாடல்கள் கிடைக்கவில்லை. உ.வே.சாமிநாதையர் 1894இல் அந்த நூலைப் பதிப்பித்தார். இன்று வரைக்கும் எந்தப் பதிப்பை எடுத்தாலும் 266-க்கு அடுத்து 269-தான். நடுவில் இரண்டு எண்கள் வெறுமனே நிற்கும். சங்க யாப்பு கைவந்தவர்கள் நம்மிடம் இல்லாமலா போனார்கள்? துறையும் திணையும் பொருந்த இரண்டு பாட்டு எழுதிச் சேர்த்திருந்தால் நம்மில் எத்தனை பேருக்குத் தெரிந்திருக்கும்? யாரும் செய்யவில்லை. 269-ஐ 267 என்று மாற்றி எண்ணி இடைவெளியை மூடவும் இல்லை. அங்கே இரண்டு பாடல்கள் இருந்தன, அவை நம்மிடம் இல்லை: இந்த இரண்டு உண்மைகளையும் அந்த வெற்று எண்கள் ஒருசேரச் சொல்கின்றன.

‘இருக்கா, இல்லையா’ என்ற கேள்விக்கு எனக்குத் தெரிந்து இதைவிட நேர்மையான பதில் இல்லை. நிரப்பக் கையிருந்தும் நிரப்பாமல் விடுவது. காலியாக இருந்தாலும் அந்த இடத்தை வைத்திருப்பது. இனிமேல் இது கஷ்டமாகிக்கொண்டே போகும். எரிந்த புத்தகமும் இறந்தவர் குரலும் அசலைப் போலவே சில நிமிடங்களில் நமக்குக் கிடைத்துவிடும். அவை திரும்பி வந்தவையா, புதிதாகச் செய்யப்பட்டவையா என்று பார்த்தோ கேட்டோ சொல்ல முடியாது. எதைப் பிடித்துக்கொண்டு வந்தது என்று விசாரித்தால்தான் தெரியும்.

அவள் அந்தச் செயலியை எடுத்துவிட்டாளா என்று நான் கேட்கவில்லை. ஆனால் ஒரு நோட்டுப் புத்தகம் போட்டிருக்கிறாள். அப்பா அனுப்பிய வாய்ஸ் நோட்டுகளில் ஞாபகம் இருப்பதை மட்டும் எழுதி வைக்கிறாள். சந்தேகமான சொல்லுக்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி. சுத்தமாக ஞாபகம் இல்லாத இடத்தில் ஒரு கோடு. ஒரு பக்கத்தைக் காட்டினாள்:

‘இங்க சாரல் ஆரம்பிச்சிருச்சு பாப்பா. அங்க ______’

“வெயிலான்னு கேட்டாரா, எப்படி இருக்குன்னு கேட்டாரா, தெரியல” என்றாள். கோடு அப்படியேதான் இருக்கிறது.